புரோகிரசிவ் கண்ணாடி: 30,000 ரூபாவுக்குள்ள உருப்படியா எடுக்கலாமா? பழகுறது எப்பிடி?

சோக்கட்டி:

எல்லாருக்கும் வணக்கம். வயது 49, பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். இதுவரைக்கும் தூரத்துக்கு மட்டும் ஒரு கண்ணாடி. இப்ப கொப்பி திருத்தேக்க அதைக் கழட்டவேண்டி இருக்கு, பிள்ளையளைப் பார்க்கத் திரும்பப் போடவேண்டி இருக்கு. அதால புரோகிரசிவ், மேல தூரத்துக்கும் கீழ வாசிக்கிறதுக்கும் கோடில்லாமல் பவர் மாறுற ஒரே கண்ணாடி, எடுக்க யோசிக்கிறன். பரிசோதிச்சு எழுதித் தந்த துண்டில இருக்கிறது:

வலக்கண் −1.25, சிலிண்டர் (ஒரு திசைக்கு மட்டும் சேர்க்கிற பவர்) −0.50, அக்சிஸ் (அந்தத் திசையின்ர கோணம்) 90
இடக்கண் −1.50, சிலிண்டர் −0.75, அக்சிஸ் 85
ரெண்டு கண்ணுக்கும் அட் (வாசிக்கிறதுக்குச் சேர்க்கிற பவர்) +1.75. பிடி (PD, ரெண்டு கறுப்புமுழிக்கும் இடையில உள்ள தூரம்) 63 மில்லிமீற்றர்.

பிறேமும் லென்ஸும் சேர்த்து 30,000 ரூபாவுக்கு மேல போக ஏலாது. ரவுணில விசாரிச்சா கடைக்குக் கடை ஒவ்வொரு விலை, ஒவ்வொரு பேர். மெலிஞ்ச லென்ஸ், நீல ஒளி வடிகட்டி, வெயிலில கறுக்கிறது எண்டு ஒவ்வொண்டாச் சேர்த்துக்கொண்டே போகினம். எது தேவை, எது தேவையில்லை? எந்த மாதிரிப் பிறேம் பார்க்கவேணும்? கடையில என்னென்ன அளக்கவேணும்?

ரொறன்ரோவில இருக்கிற மச்சாள் இந்தத் துண்டைப் படமெடுத்து அனுப்பினா ஒன்லைனில மலிவா எடுத்து அனுப்பலாம் எண்டு சொல்லுறா. அது சரிவருமோ? நான் ஸ்கூட்டியில போய் வாறனான். பழகுற நாளையில ஓடலாமோ எண்டும் சொல்லுங்கோ.

ஆறுகால்மடம்:

ரீச்சர், அந்தக் காசுக்குள்ள எடுக்கலாம். எதுக்குக் காசு குடுக்கிறது எண்டதை நீங்கள் முடிவெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கோ.

உங்கட பவர் சின்னது. இன்டெக்ஸ் (லென்ஸ் ஒளியை வளைக்கிற அளவு, கூடினா லென்ஸ் மெலியும்) 1.50 உள்ள சாதாரண பிளாஸ்ரிக் லென்ஸோ 1.56 ஓ காணும். 1.67 எல்லாம் −5, −6 காரருக்கு, ஓரம் தடிக்கிறதைக் குறைக்க. உங்களுக்கு அதால மெலியிறது கண்ணுக்குத் தெரியாத அளவு. அதோட 1.67 லென்ஸின்ர அபே எண் 32 அளவில, 1.50 க்கு 58. அபே எண் குறையக் குறைய லென்ஸின்ர ஓரத்தால பார்க்கேக்க எழுத்தைச் சுத்தி நிற விளிம்பு தெரியும். கூடக் காசு குடுத்து அதை வாங்கத் தேவையில்லை. ஒண்டு மட்டும்: சட்டமில்லாமல் துளை போட்டுப் பூட்டுற ரிம்லெஸ் பிறேமுக்கு 1.50 வெடிச்சுப் போகும். அந்தப் பிறேமையே எடுக்காதேங்கோ.

நீல ஒளி வடிகட்டிக்குக் காசு குடுக்காதேங்கோ. 2023 இல கொக்ரேன் எண்ட மருத்துவ ஆய்வு அமைப்பின்ர தொகுப்பு இதுக்காக நடந்த பரிசோதனையளைச் சேர்த்துப் பார்த்தது. கொம்பியூட்டர் பார்க்கிற கண்களைப்பு அதால குறைஞ்சதாத் தெரியேல்லை. தெறிப்பைக் குறைக்கிற ஏஆர் கோட்டிங் வேற விசயம், அது கட்டாயம் வேணும். வகுப்பறை ரியூப் லைட்டுக்கும் இரவில எதிர வாற வாகன வெளிச்சத்துக்கும் அதின்ர பலன் நேரடியாத் தெரியும். வெயிலில கறுக்கிற லென்ஸ் உங்கட விருப்பம். ஆனா அது சூட்டில குறைவாத்தான் கறுக்கும், குளிர்நாட்டில கறுக்கிற அளவுக்கு எங்கட சித்திரை வெயிலில கறுக்காது. ஹெல்மெற் வைசர் புறஊதாக் கதிரை மறிக்கிறதால ஓடேக்க இன்னும் குறையும். அந்தக் காசை வேற இடத்தில போடலாம்.

எந்த இடம் எண்டா, லென்ஸின்ர டிசைனும் அளவும். புரோகிரசிவ் 1959 இல பிரான்சில வாரிலக்ஸ் எண்ட பேரில வந்தது. அண்டையில இருந்து இண்டைக்கு வரைக்கும் பக்கவாட்டில மங்கல் இல்லாத புரோகிரசிவ் எண்டு ஒண்டு இல்லை, எவ்வளவு விலை குடுத்தாலும் இல்லை. மின்க்விட்ஸ் எண்ட கணித ஆய்வாளர் 1963 இல கணக்குப் போட்டுக் காட்டினது இது: நடுக்கோட்டால கீழ இறங்கேக்க பவர் என்ன வேகத்தில கூடுதோ, பக்கத்துக்கு விலகேக்க அதின்ர ரெண்டு மடங்கு வேகத்தில வேண்டாத சிலிண்டர், அதாவது படத்தை மங்கவைக்கிற பவர், சேரும். உங்கட அட் 1.75 ஐ 14 மில்லிமீற்றர் நீளத்தில இறக்கினா ஒரு மில்லிமீற்றருக்கு 0.125. அப்ப நடுக்கோட்டில இருந்து 4 மில்லிமீற்றர் விலக 1.00 சிலிண்டர் வந்திடும். அதே 1.75 ஐ 10 மில்லிமீற்றருக்குள்ள அடக்கினா அதே இடத்தில 1.40. சின்னப் பிறேமுக்கு எண்டு விக்கிற கட்டை கொறிடோர் (பவர் மாறுற நடுவழி) லென்ஸ் ஏன் ஒடுக்கமா இருக்கு எண்டதுக்கு இதுதான் காரணம்.

ஆனபடியா உயரம் குறைஞ்ச பிறேம் வேண்டாம். காதுக்கம்பிக்கு உள்பக்கம் 52-18-140 மாதிரி எழுதியிருக்கும். 52 லென்ஸ் அகலம், 18 மூக்குப் பாலம், 140 கம்பி நீளம். எங்களுக்கு வேண்டிய லென்ஸ் உயரம் அதில இராது. அடிமட்டத்தை வைச்சு அளவுங்கோ, 32 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். போட்டுப் பார்க்கேக்க கறுப்புமுழி நடுவில இருந்து லென்ஸின்ர கீழ் விளிம்பு வரைக்கும் 18 ஆவது வேணும், 20 இருந்தா நல்லம். மேல் பக்கம் 10 க்குக் குறையக்கூடாது. மூக்குப் பக்கத்துக் கீழ் மூலை சரிவா வெட்டுப்பட்ட பைலற் வடிவம் சரிவராது, வாசிக்கிற பகுதி அந்த மூலையிலதான் இருக்கும்.

மூக்கில பதியிற சிலிக்கன் நோஸ்பாட் உள்ள உலோகப் பிறேம் எடுங்கோ. நோஸ்பாட்டை விரிச்சாக் கண்ணாடி இறங்கும், ஒடுக்கினா ஏறும். ஒண்டு ரெண்டு மில்லிமீற்றர் பிழையைப் பிறகு கையாலயே திருத்தலாம். மூக்குப் பாலம் அச்சோட வார்த்த பிளாஸ்ரிக் பிறேமில அந்த வசதி இல்லை. எங்கட வியர்வைக்கு அது வழுக்கி இறங்கவும் செய்யும்.

இனி அளவு. துண்டில பிடி 63 எண்டு ஒரு இலக்கம் மட்டும் இருக்கிறது புரோகிரசிவுக்குக் காணாது. மூக்கு நடுவில இருந்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியா வேணும். மூக்கு எல்லாருக்கும் சரி நடுவில இராது, 30.5 உம் 32.5 உம் ஆகவும் இருக்கலாம். தூரக் கண்ணாடியில இதை நீங்கள் உணர்ந்திருக்க மாட்டியள். −1.50 லென்ஸ் 2 மில்லிமீற்றர் தள்ளி இருந்தா 0.30 பிறிசம் (படம் இடம் தள்ளித் தெரியிற அளவு) தான் வரும், கண் அதைத் தாங்கும். புரோகிரசிவில நடுவழியே நாலைஞ்சு மில்லிமீற்றர் அகலம். அதில 2 மில்லிமீற்றர் பிழைச்சா கண் நேர மங்கலுக்குள்ள போய் விழும்.

உயரம் அளக்கிற முறையை நீங்களே கவனிக்கவேணும். முதல்ல பிறேமை உங்கட முகத்துக்கு வளைச்சு நெளிச்சுச் சரியா இருத்தவேணும், அதுக்குப் பிறகுதான் அளவு. அளக்கிறவர் உங்களுக்கு நேரெதிர, உங்கட கண்மட்டத்தில இருக்கவேணும். நீங்கள் கழுத்தை நிமித்தாமல் வழமையா நிக்கிற மாதிரி நேரே பார்க்க, பிறேமோட வந்த டெமோ லென்ஸில கறுப்புமுழி நடுவுக்குப் பேனையால புள்ளி வைப்பார். பிறகு ஒருக்கா எழும்பி நடந்துபோட்டு வந்து இருந்து, புள்ளி அதே இடத்தில நிக்குதோ எண்டு பார்க்கவேணும். பிறேமைக் கையில வைச்சுக்கொண்டு "அரைவாசிக்குக் கொஞ்சம் மேல" எண்டு எழுதுற கடையில எந்த விலை லென்ஸும் எடுக்காதேங்கோ.

அச்சில வார்த்த சாதாரண டிசைனே உங்கட பவருக்குப் பழகும். கணினியால வெட்டுற ஃப்ரீஃபோம் லென்ஸின்ர அடிமட்ட விலை வகை உங்கட கணக்குக்குள்ள வந்தா அதை எடுங்கோ, நடுப்பகுதியும் வாசிப்புப் பகுதியும் கொஞ்சம் அகலிக்கும். அதுக்கு மேல போறது இந்தத் துண்டுக்குத் தேவையில்லை. பில்லில லென்ஸின்ர கம்பனிப் பேர், டிசைன் பேர், இன்டெக்ஸ், கோட்டிங், பிறேம் எல்லாத்தையும் தனித்தனி விலையோட எழுதுவிச்சு எடுங்கோ. பழகாட்டி எத்தினை நாளுக்குள்ள திரும்பச் செய்து தருவினம் எண்டதும் அந்தப் பில்லிலயே இருக்கட்டும். வாயால சொன்னது பிறகு நிண்டு பிடிக்காது.

மச்சாளிட்ட புரோகிரசிவ் கேக்காதேங்கோ. பிறேம் உங்கட முகத்தில இருக்காமல் உயரத்தை அளக்க ஏலாது, ஒன்லைன் கடை சராசரியை வைச்சுத்தான் வெட்டும். பிழைச்சாத் திருப்பி அனுப்புற செலவில இஞ்ச இன்னொண்டு எடுக்கலாம். தூரத்துக்கு மட்டும் ஒரு மேலதிகக் கண்ணாடி வேணுமெண்டா அதை அவவிட்டச் சொல்லலாம். சென்னைக்குப் போறவை அங்க செய்விக்கிறதிலயும் இதே சிக்கல்தான்: அளவு வடிவா எடுப்பினம், ஆனா ரெண்டாம் முறை நோஸ்பாட் திருத்த ஆர் பிளேன் ஏறுறது?

பூவரசு:

மேல சொன்ன அளவு விசயம் எல்லாம் சரி. ஆனா புரோகிரசிவ்தான் எடுக்கவேணும் எண்டு முடிவுகட்ட முதல் ரெண்டு விசயம் யோசியுங்கோ.

பைபோகல் (தூரம், வாசிப்பு எண்டு ரெண்டு பவர் மட்டும் உள்ள லென்ஸ்) பழசு எண்டு ஒதுக்காதேங்கோ. 28 மில்லிமீற்றர் அகலமான, மேல் விளிம்பு நேரா இருக்கிற டி வடிவத் துண்டு வைச்ச பைபோகல் புரோகிரசிவை விட நல்ல மலிவு. தூரம் ஓரம்வரை தெளிவு, கொப்பியும் ஓரம்வரை தெளிவு. சீஆர் கொப்பியை விரிச்சு ரெண்டு பக்கத்தையும் தலை திருப்பாமல் பார்க்கலாம், புரோகிரசிவில அது ஏலாது. குறை எண்டா அந்தக் கோடு வெளிய தெரியும், கண் கோட்டைத் தாண்டேக்க படம் ஒரு துள்ளுத் துள்ளும், கை எட்டுற தூரத்துக்கும் வாங்கு தூரத்துக்கும் இடையில ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளி அட் கூடக் கூடப் பெருக்கும். 1.75 இல சமாளிக்கலாம், 2.50 இல கஷ்டம். வட்டத்துண்டு வைச்ச பழைய வகை இன்னும் மலிவு, ஆனா துள்ளல் கூட. அதை விடுங்கோ.

ரெண்டாவது, உங்கட பவரையே பாருங்கோ. −1.50 கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் 67 சென்ரிமீற்றரில தெளிவு, −1.25 க்கு 80 சென்ரிமீற்றரில. வீட்டில மடிக்கணினி அந்தத் தூரத்துக்குக் கிட்டத்தான் இருக்கும். அதுக்கு எண்டு கொம்பியூட்டர் கண்ணாடி செய்யத் தேவையில்லை, கழட்டிவைச்சுப் பாருங்கோ. கட்டுக் கட்டாக் கொப்பி திருத்திறதெண்டாலும் மேசையில இருந்து கழட்டிச் செய்யலாம். ஏற்றி இறக்கிப் பார்க்கவேண்டிய வகுப்பறைக்குத்தான் உங்களுக்குப் புரோகிரசிவ். அப்ப விலை கூடின அகலமான டிசைன் தேவைப்படாது.

கழட்டி வாசிக்கிறது ஒரு குறை எண்டு பலபேர் நினைக்கினம். கிட்டப்பார்வைக் கண்ணுக்கு வயதில கிடைச்ச சலுகை அது, பாவியுங்கோ.

வில்லை:

கண்ணாடியை எடுக்கிற நாளைக்கும் அதுக்குப் பிறகும் செய்யவேண்டியதை நான் சொல்லுறன்.

புதுப் புரோகிரசிவில மஞ்சள் அல்லது வெள்ளை மையில அடையாளங்கள் இருக்கும்: ஒரு சிலுவை, அதுக்கு மேல தூரப்பவர் அளக்கிற அரைவட்டம், கீழ வாசிப்புப் பவருக்கு ஒரு வட்டம். இந்த மையை அழிச்சுப்போட்டுத் தரவேண்டாம் எண்டு ஓடர் குடுக்கேக்கயே சொல்லுங்கோ. போட்டுக்கொண்டு எதிர இருக்கிறவரை நேரே பார்த்தா, சிலுவை ரெண்டு கறுப்புமுழிக்கும் சரி நடுவில விழவேணும். 1 மில்லிமீற்றருக்கு மேல விலகினா அப்பவே திருப்பிக் குடுங்கோ. பார்த்து முடிஞ்ச பிறகு ஸ்பிரிற் தொட்ட பஞ்சால மையைத் துடைக்கலாம்.

மை போன பிறகும் லென்ஸுக்குள்ள அழியாத அடையாளம் இருக்கும். லென்ஸைக் கறுப்புத் துணிக்கு முன்னால சரிச்சுப் பிடிச்சு வெளிச்சத்தைப் பக்கத்தால விடுங்கோ. 34 மில்லிமீற்றர் இடைவெளியில ரெண்டு சின்ன வட்டமோ குறியோ மங்கலாத் தெரியும். தெரியாட்டி ஒருக்கா வாயால ஊதினாப் புகார் படிஞ்சு அது எழும்பும். காதுப் பக்கக் குறிக்குக் கீழ அட் பொறிச்சிருக்கும், உங்களுக்கு 17 அல்லது 1.75 மாதிரி. மூக்குப் பக்கத்தில கம்பனிக் குறி. பில்லில எழுதின லென்ஸ்தானோ எண்டு பார்க்க இதுதான் வழி. தூரப்பவரை, லென்ஸின்ர பவர் அளக்கிற லென்சோமீற்றரில வைச்சுக் காட்டச் சொல்லியும் கேக்கலாம், அதைக் காட்ட மறுக்கிற கடை நல்ல கடை இல்லை.

பழகுறதுக்கு ரெண்டு கிழமை வைச்சுக்கொள்ளுங்கோ. கனபேருக்கு அதுக்கு முதலே சரிவரும். ஒரு லீவு நாள் காலமை எழும்பின உடனயே போடுங்கோ, பின்னேரம் களைச்ச கண்ணில தொடங்காதேங்கோ. பழைய கண்ணாடியை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுங்கோ. அதையும் இதையும் மாத்தி மாத்திப் போட்டா மூளை ரெண்டையும் பழகாது.

அடிப்படை இதுதான்: பக்கத்தில இருக்கிறதைப் பார்க்க மூக்கைத் திருப்புங்கோ, கீழ இருக்கிறதை வாசிக்கக் கண்ணை மட்டும் இறக்குங்கோ. பழக்கதோசத்தில எல்லாரும் மாறிச் செய்யினம், பக்கத்துக்குக் கண்ணை ஓடவிட்டு, வாசிக்கத் தலையைக் குனியினம். குனிஞ்சாத் தூரப்பகுதியால கொப்பியைப் பார்க்கிற மாதிரி ஆகும், மங்கும். நாடியை நேரா வைச்சுக்கொண்டு கொப்பியை 40 சென்ரிமீற்றரில, நெஞ்சுக்குக் கீழ பிடியுங்கோ. ஒரு வரியின்ர கடைசிக்குப் போகேக்க தலை கொஞ்சம் திரும்பவேணும், இல்லாட்டிக் கொப்பியை நகர்த்தவேணும்.

படியில இது மறுவளம். படி இறங்கேக்க கண்ணை மட்டும் இறக்கினா வாசிப்புப் பகுதியால படியைப் பார்ப்பியள், படி மேல எழும்பி மிதக்கிற மாதிரி இருக்கும். அங்க நாடியை நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டுவந்து லென்ஸின்ர மேல் பகுதியால பார்க்கவேணும். பஸ் மிதிபலகை, கீரிமலைக் கேணிப் படி மாதிரி ஈரமான இடங்களில முதல் கிழமை கையால எதையாவது பிடிச்சுக்கொண்டு இறங்குங்கோ.

கரும்பலகையில ஒரு சிக்கல் வரும், ஆரும் முன்கூட்டிச் சொல்லமாட்டினம். தலைக்கு மேல கையுயர்த்தி எழுதேக்க பலகை 50, 60 சென்ரிமீற்றரில இருக்கு, ஆனா நீங்கள் பார்க்கிறது தூரப்பகுதியால. உங்கட எழுத்தே உங்களுக்கு மங்கும். லென்ஸ் பிழை எண்டு நினைச்சிடாதேங்கோ. நாடியை உயர்த்தி நடுப்பகுதியால பாருங்கோ, இல்லாட்டி நெஞ்சு மட்டத்தில எழுதுங்கோ. குசினி மேல்தட்டில போத்தலில ஒட்டின எழுத்தை வாசிக்கேக்கயும் இதேதான். சாய்மனைக் கதிரையில சாய்ஞ்சு ரிவி பார்க்கேக்க மறுவளமா நடக்கும்: தலை பின்னுக்குச் சாயக் கண் கீழ்ப்பகுதியால பார்க்கும், ரிவி மங்கும். அங்க தலைக்கு ஒரு தலையணை காணும்.

ஸ்கூட்டியை வளவுக்குள்ள நிண்டு பக்கக் கண்ணாடி பார்க்கப் பழகி, தரையும் வீதி ஓரமும் ஆடாமல் தெரியிற வரைக்கும் எடுக்காதேங்கோ. ஓடேக்க பக்கக் கண்ணாடியைக் கடைக்கண்ணால பார்க்கிற பழக்கத்தை விடவேணும், முகத்தைத் திருப்பிப் பார்க்கவேணும். இன்னொண்டு, ஹெல்மெற்றின்ர உள் மெத்தை காதுக்கம்பியை நெம்பிக் கண்ணாடியை மேல தூக்கும். முதல்ல ஹெல்மெற், பிறகு கண்ணாடி. கண்ணாடி மூக்கில வழமையான இடத்தில இருக்கோ எண்டு விரலால தொட்டுப் பார்த்துப்போட்டு வெளிக்கிடுங்கோ.

கண்ணாடி முகத்துக்குக் கிட்ட இருந்தா எல்லாப் பகுதியும் அகலமாத் தெரியும். கதவுத் துவாரத்துக்குக் கண்ணைக் கிட்டக் கொண்டுபோனா அறை கூடத் தெரியிற மாதிரி. ஆனபடியா இமைமயிர் முட்டாத அளவுக்குக் கிட்டவா, கீழ் விளிம்பு கன்னப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சு, 8 தொடக்கம் 12 பாகைக்குள்ள இருக்கச் செய்யச் சொல்லுங்கோ.

சீனி வருத்தம் இருந்தா ஒரு விசயம் முக்கியம். சீனி ஏறி இறங்கேக்க கண்ணுக்குள்ள இருக்கிற வில்லை பருத்துச் சுருங்கி, பவரே மாறும். சீனி கட்டுப்பாட்டுக்குள்ள வந்து சில கிழமை ஒரே அளவில நிண்ட பிறகு பரிசோதிச்சு எழுதின துண்டுக்குத்தான் கண்ணாடி செய்யவேணும். அதுக்கு முதல் செய்தா எவ்வளவு நல்ல லென்ஸும் வீண். 40 தாண்டின எவரும் பவர் பார்க்கிறதோட நிக்காமல் கண் அழுத்தமும் விழித்திரையும் பார்க்கிற பரிசோதனையும் செய்யுங்கோ. குளுக்கோமா நோவில்லாமல் வரும், கண்ணாடிக்கடையில அது பிடிபடாது. யாழ் போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்கில இதுக்குப் பார்ப்பினம்.

மணற்காடு:

இந்தத் திரியிலயே கேட்டுவிடுறன். அம்மாவுக்கு 72. அவவுக்கும் புரோகிரசிவ் எடுத்துக் குடுக்கலாமோ? இதுவரைக்கும் தூரத்துக்கும் வாசிக்கிறதுக்கும் வேற வேற கண்ணாடி. நல்லா நடப்பா, கோயிலுக்குத் தனியத்தான் போவா.

வில்லை:

மணற்காடு, எடுக்கவேண்டாம் எண்டுதான் சொல்லுவன். இதுவரைக்கும் புரோகிரசிவோ பைபோகலோ போடாத ஒருவருக்கு அந்த வயதில அதைப் புதுசாப் பழக்குறது நல்லதில்லை. கீழ்ப்பகுதியால நிலத்தைப் பார்க்கேக்க படி விளிம்பும் கல்லும் மங்கும், தூரமும் பிழையாத் தெரியும். 2010 இல அவுஸ்திரேலியாவில செய்த ஒரு பரிசோதனையில, இப்படியான கண்ணாடி போடுற முதியவைக்கு வெளிய நடக்கிறதுக்கெண்டு தூரக் கண்ணாடி தனியக் குடுத்துப் பார்த்தவை. அடிக்கடி வெளிய நடமாடுறவைக்கு விழுறது குறைஞ்சது. வீட்டோட இருக்கிறவைக்கு அந்தப் பலன் கிடைக்கேல்லை, அவையில வெளிய விழுறது கூடினது. அம்மா நடமாடுறவ, பழக்கமும் ரெண்டு கண்ணாடியில. அதையே விடுங்கோ. வாசிக்கிற கண்ணாடியோட நடக்கவேண்டாம் எண்டு மட்டும் சொல்லிவையுங்கோ, கழுத்தில தொங்கவிட ஒரு கயிறு வாங்கிக் குடுங்கோ.

புதுத் துண்டு எடுக்க முதல் கற்றரக்ட் (கண்புரை) இருக்கோ எண்டு பாருங்கோ. இருந்து சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தா பவர் முழுக்க மாறும், இப்ப செய்யிற கண்ணாடி வீணாப்போகும்.

சோக்கட்டி:

எல்லாருக்கும் நன்றி. நோஸ்பாட் வைச்ச உலோகப் பிறேம், 34 மில்லிமீற்றர் உயரம், 1.56, ஏஆர் கோட்டிங், அடிமட்ட விலை ஃப்ரீஃபோம். கணக்குக்குள்ள வந்தது. நீல வடிகட்டியை வேண்டாம் எண்டு எடுப்பிச்சன். பிடி தனித்தனியா அளந்தவை: வலம் 31, இடம் 32. உயரம் 20. மையை அழிக்காமல்தான் தந்தவை.

கொப்பி நல்லாத் தெரியுது. ஆனா வகுப்பின்ர பின்வாங்கில இருக்கிற பிள்ளையின்ர முகம் நேரே பார்க்கேக்க லேசா மங்குது. தலையைக் கொஞ்சம் குனிஞ்சாத் தெளியுது. இது பழகுமோ, இல்லாட்டித் திருப்பிக் குடுக்கிறதோ?

ஆறுகால்மடம்:

ரீச்சர், இது பழகுற சாமான் இல்லை. கண்ணாடி உயர நிக்குது. கண் தூரப்பகுதிக்குக் கீழ, நடுவழி தொடங்கிற இடத்தால பார்க்குது, அதாலதான் குனிய மேல் பகுதி வந்து தெளியுது. இப்பிடிச் சோதிச்சுப் பாருங்கோ: பின்வாங்கைப் பார்த்துக்கொண்டு, தலையை அசைக்காமல், பிறேமை விரலால மூக்கில 1, 2 மில்லிமீற்றர் கீழ இறக்குங்கோ. தெளிஞ்சால் விசயம் அதுதான். கடையில போய் நோஸ்பாட் ரெண்டையும் கொஞ்சம் விரிக்கச் சொல்லுங்கோ, அஞ்சு நிமிச வேலை. ரெண்டையும் ஒரே அளவுக்கு விரிக்கவேணும், இல்லாட்டி ஒரு பக்கம் சரியும்.

இறக்கியும் தெளியாட்டி, ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்கோ. ஒரு கண் மட்டும் மங்கினால் அந்தக் கண்ணின்ர பவரையோ அக்சிஸையோ லென்சோமீற்றரில பார்க்கச் சொல்லுங்கோ. தலையை இடமோ வலமோ திருப்பினால்தான் தெளியுது எண்டா பிடி பிழை. அது நோஸ்பாட்டால திருந்தாது, லென்ஸ் திரும்ப வெட்டவேணும், பில்லில எழுதுவிச்ச நாளுக்குள்ள குடுங்கோ. இதுக்கு மறுவளமா, வாசிக்கிறதுக்கு நாடியைத் தூக்கவேண்டி வந்தா கண்ணாடி இறங்கிப்போச்சு எண்டு அர்த்தம். அப்ப நோஸ்பாட்டை ஒடுக்கி, காதுக்குப் பின்னால கம்பியின்ர வளைவையும் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவரவேணும். வெயில் காலத்தில வியர்த்து இது அடிக்கடி நடக்கும்.

துடைக்கிறதும் சொல்லிவிடுறன். சேலைத்தலைப்பாலயும் சாரத்தாலயும் காயத் துடைக்கிறதில போறதுதான் இஞ்ச அரைவாசி ஏஆர் கோட்டிங். முதல்ல குழாய்த் தண்ணியில தூசியைக் கழுவி, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவுற திரவம் போட்டு விரலால தேய்ச்சுக் கழுவி, உடன மெல்லிய பருத்தித் துணியால ஒற்றி எடுங்கோ. எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட, காயவிட்டா வெள்ளைப் புள்ளி பிடிக்கும், பிறகு அதைச் சுரண்டக் கோட்டிங்கும் சேர்ந்து போகும். ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழ கண்ணாடியை வைச்சுப்போட்டு வெயிலில விடாதேங்கோ, சூட்டில கோட்டிங் மயிர்வெடிப்பா வெடிக்கும்.